நானும் வாறன்

இரத்தினவேலுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் மூன்று கிழமையாக மனைவி ரதியிடம் ஒரே பொய்யை நன்றாகத்தான் சொல்லிவந்தான்: பழைய சேர்ச் ஒன்றைத் திருத்துகிறோம்.

பார்ப்பவர்களுக்கும் அது சேர்ச் மாதிரித்தான் இருக்கும். கல் சுவர், கூர்வளைவு ஜன்னல்கள், வண்ணக் கண்ணாடி, மேலே ஒரு மணிக்கோபுரம். கோபுரத்தில் மணிதான் இல்லை. அது புகைபோக்கி. ரொறன்ரோவில் அறுபது வருடத்துக்கு முன் அதைக் கட்டியவர்கள், பிணம் எரிகிற புகை போகிற இடம் என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று அப்படி மறைத்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரனுக்கும் சுடலை என்றால் பயம்தான்!

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு நவம்பர். பார்க்டேலில் அவன் வீட்டில் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். துடக்கு இன்னும் கழியவில்லை, பெயரும் வைக்கவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒருவன் தினமும் சுடலையிலிருந்து வருகிறான் என்று தெரிந்தால் ரதி உயிரை விட்டுவிடுவாள். கிடைத்த வேலையையும் விட முடியாது. அதனால் வழியில் டோனட் கடைக் கழிவறையில் கைகால் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான்.

கூட வேலை செய்த பேனாட் அண்ணை மேலே மண்டபத்தில் கல் இடுக்குகளுக்குச் சாந்து பூசினார். இரத்தினவேலுக்கு வாய்த்தது நிலவறை. அங்கே இரண்டு பழைய சூளைகள். அவற்றில் நெருப்பு நின்று இருபது வருடமாம். அவன் ஒன்றுக்குள் தவழ்ந்து போய், கூரை வளைவில் உதிர்ந்த செங்கற்களைத் தட்டி எடுத்துப் புதியவற்றை வைப்பான். உள்ளே நெய் கருகிய மணம் அடிக்கும். வெள்ளைக்காரர் எரிந்த இடத்தில் நெய் எங்கிருந்து வந்ததோ!

அன்று நாலரை மணி தாண்ட வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. சூளைக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்து, தூசியைத் தட்டிவிட்டு, மேலே நிற்கிற பேனாட் அண்ணைக்குக் கேட்கட்டும் என்று, விடைபெறுகிற பழக்கதோஷத்தில் கத்தினான்.

"அப்ப நான் போட்டு வாறன்!"

பேனாட் அண்ணை எப்போதோ போயிருந்தார்.

சூளைக்குள் சாம்பல் சரிந்தது.

"நில்லு மோனை. நானும் வாறன்."

எப்படிக் கதவைப் பூட்டினான், எப்படி ஸ்ட்ரீட்காரில் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. டோனட் கடை ஞாபகமே வரவில்லை. ஸ்ட்ரீட்காரில் நிற்க இடமில்லாத சனம். அவனுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஒரு வெள்ளைக்காரி அதில் உட்காரக் குனிந்தாள். பிறகு, "சொறி" என்று அந்த இருக்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

நெய் மணம்.

இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தான். நாலாம் மாடியில் அவன் வீட்டு வெளிச்சம் தெரிந்தது. இதையும் கூட்டிக்கொண்டு பிள்ளையிடம் போவதா? மூலையில் இருந்த போன் பூத்துக்குள் புகுந்து பேனாட் அண்ணையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான்.

"உனக்கென்ன விசரே? சுடலையில நிண்டு ஆராவது வாறன் எண்டு சொல்லுவினமோ? சொல்லாமல் கொள்ளாமல் எல்லோ வெளிக்கிடுறது! சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் எனக்கே தெரியும்."

"வாய் தவறீட்டுது அண்ணை. வீட்டில பச்சைப் பிள்ளை. என்ன செய்ய?"

"திரும்பக் கொண்டுபோய் விடு. ஒண்டும் சொல்லாதை. திரும்பிப் பாராமல் வா."

போனான். டோர்ச்சைப் பிடித்தபடி அதே சூளைக்கு முன்னால் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு, வாயே திறக்காமல், கதவைப் பூட்டிவிட்டு விறுவிறென்று நடந்தான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஸ்ட்ரீட்காரில் பக்கத்து இருக்கையில் ஒரு கிழவர் வந்து குந்தி, குளிரைத் திட்டினார். இரத்தினவேலுக்கு அந்த மனுசனைக் கட்டிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. அப்பாடா, தொலைந்தது சனியன்!

ரதி கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்ல. இப்பதான் பிள்ளை அழுகையை நிப்பாட்டினது."

அறைக்குள் யாரோ மெதுவாக முனகிப் பாடுவது கேட்டது.

"ஆர் உள்ளுக்கை?"

"நீங்கள் அனுப்பின அன்ரிதான். ஒண்டரை மணித்தியாலமாப் பிள்ளையை மடியில வச்சிருக்கிறா. நீங்கள் போன் பூத்துக்கை நிக்கிறியளாம், தன்னை முன்னுக்குப் போகச் சொன்னியளாம்."

அவன் உள்ளே பாய்ந்தான்.

பாட்டு நின்றது.

யாரும் இல்லை. கட்டிலில் பிள்ளை விழித்துக் கிடந்தது. அழவில்லை. வலது கையை மேலே நீட்டி, எதையோ இறுகப் பிடித்திருந்தது. மடிந்த விரல்களுக்கு நடுவே ஒரு விரல் பருமனுக்கு வெறும் இடைவெளி.

"ரதி, வெளிக்கிடு. போவம்!" என்று பிள்ளையை வாரித் தூக்கினான்.

பிள்ளை அவன் மார்போடு வந்தது. அந்தக் கையை மட்டும் யாரோ விடவில்லை.