இரண்டாவது பாட்டில்

காலையில் பல் துலக்கும்போது பிரஷ்ஷில் ஏதோ ஒட்டியிருந்தது. அவித்த முட்டையின் ஓட்டுக்கு அடியில் இருக்குமே, அப்படியொரு வெள்ளைச் சவ்வு. விரலால் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது அவள் கன்னத்தின் உள்பக்கம்.

அதிலிருந்து ஏழு மாதம். தொலைபேசி நிறுவனத்தில் நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்பது அவள் வேலை. அவள் புகாரைக் கேட்கத்தான் ஆள் இல்லை. சூடு என்றார் ஒரு டாக்டர். சத்துக் குறைவு என்றார் அடுத்தவர். பற்பசையை மாற்றச் சொன்னார் மூன்றாமவர். பற்பசை மாறியது, ஈறு உரிந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் கண்ணாடித் தூளாக இறங்கியது.

கடைசியில் பெரிய டாக்டர். பட்டங்கள் ஏறியதில் அவர் பெயர்ப்பலகை பக்கத்துக் கடை வரை நீண்டிருந்தது. அவள் வாய்க்குள் பார்த்ததும் அவர் முகத்தில் புதையல் கிடைத்த பிரகாசம்.

"அபூர்வமான கேஸ்மா. உடம்பைக் காக்கிற சக்தியே உடம்பைத் தின்னும். வாயில இருக்கும்போதே பிடிச்சுட்டா பயமில்ல. தோலுக்கு இறங்கிட்டா கஷ்டம்."

ஊசி போட்டு மரத்த வாயிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டினார். முதல் பாட்டிலிலிருந்து கண்ணைக் கரிக்கும் ஃபார்மலின் வாடை. நர்ஸ் வேறு திரவம் இருந்த இரண்டாவது பாட்டிலை நீட்டினாள்.

"சார், ரெண்டாவது துண்டு ஃபார்மலின்ல போட்டா அந்த டெஸ்ட்டே..."

"முப்பது வருஷமா வெட்டுறேன். நீ மூடியைத் திற."

இரண்டும் முதல் பாட்டிலிலேயே விழுந்தன. அவள் வாய் நிறையப் பஞ்சு. முகக்கவசத்துக்கு மேலே நர்ஸின் கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டு வாரம் கழித்து, "சந்தேகப்படும்படி ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தாள். அவர் கட்டைவிரல் மறைத்திருந்த இடத்தில் ஒரு வரி: 'இரண்டாவது துண்டு உரிய திரவத்தில் வரவில்லை. முக்கியப் பரிசோதனை செய்ய இயலவில்லை.'

பிற்பகல் வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, மின்விசிறி எதையோ மென்று விழுங்குவதுபோல் சுற்றிக்கொண்டிருக்க, எத்தனை முறை கொப்பளித்தும் போகாத துரு வாடை தொண்டைக்குள் இறங்க இறங்க, கட்டிலில் அமர்ந்து அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். காலையிலிருந்து முதுகில் ஒரு அரிப்பு. வேர்க்குரு. வேர்க்குருவாகத்தான் இருக்க வேண்டும்.

கணவன் பக்கத்தில் வந்து நின்று ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தான்.

"படிச்ச படிப்புக்கு சரியான பாட்டில்ல போடத் தெரியல பாரு அந்த ஆளுக்கு. விடுடி. நாளைக்கே வேற டாக்டர்கிட்ட போலாம். இன்னும் வாயிலதானே இருக்கு?"

கையில்லாத இரவு உடையில் இருந்த அவள் தோளில் கை வைத்தான். ஆறுதலாக, மெதுவாக, கீழ்நோக்கி வருடினான்.

கை நகர்ந்தது.

தோலும் நகர்ந்தது.

வலிக்கவில்லை. ஈரமாக இருந்தது. பிறகு காற்று பட்டது. பிறகு வலித்தது.

அவன் விரித்த உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அதில் ஈரத்தாள் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன் நடுவில் அவள் தோள் மச்சம்.