பட்டத்து யானையின் விலை

அன்று காலையும் அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். கழுத்திலிருந்து வரிசையாக ஆறு, கடைசியாக வலது மணிக்கட்டில் ஒன்று. அவர் குழந்தை போல நின்றுகொண்டிருந்தார்.

"மூணாவது பொத்தான் தளர்ந்திருக்குங்க. சாயங்காலம் தைச்சுடறேன்."

"தைப்பே, தைப்பே… ஊரார் சட்டையெல்லாம் தைச்சு முடிச்சப்புறம்!"

வெளியே கொழுந்தனின் குரல் கேட்டது. "அண்ணே! பட்டத்து யானை காத்துக்கிட்டு நிக்குது. பாகன் எப்ப வருவாருன்னு கேக்குது!"

கூடவே மாமியாரின் முணுமுணுப்பு: "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு… இன்னும் காலங்காத்தால கதவைச் சாத்திக்கிறாங்க. வெட்கக்கேடு!"

உள்ளே இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது ஒரு பொத்தான் வேலைதான் என்பது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பவர். அன்று பதினொரு மணிக்கு மூன்றாவது கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தாராம். கடைக்காரர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சு.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பு நிற மோட்டார் சைக்கிள். கொழுந்தன் சொன்ன பட்டத்து யானை அதுதான். கம்பெனியே தன் ஆலையில் தனியாக வண்ணம் பூசி, தனி எஞ்சின், தனி இருக்கை, தனிப் பிடிகள் எல்லாம் பொருத்தி அனுப்புகிற ஸ்பெஷல் வண்டி. அதன் விலைக்குச் சாதாரண வண்டி இரண்டு வாங்கலாம். கடைத்தெருவில் தையல் கடைக்கு ஓர் அறை எடுக்க அவள் ஒன்பது வருடம் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் அதில்தான் போனது. அதன் பிறகும் அவள் வீட்டு நடையில்தான் மெஷினைப் போட்டுத் தைத்தாள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று கொழுந்தன் போட்ட சத்தம்!

அவன் மெக்கானிக். அண்ணனின் பழைய வண்டியைத் தன் கையாலேயே இழைத்து இழைத்து உருவாக்கிக் கொடுத்தவன். அதை ஒதுக்கிவிட்டுக் கம்பெனிக்காரன் ஜோடித்து அனுப்பியதை அண்ணன் வாங்கி வந்தது அவன் முகத்தில் அறைந்தது போலிருந்தது.

"என்ன இருக்குண்ணே இதுல? பெயின்டு! நாலு பளபளப்பு! மூணுல ஒரு பங்கு செலவுல நான் பண்ணித் தந்திருக்க மாட்டேனா? என் வேலை உங்களுக்குப் பத்தலையா? சொல்லுங்க… பத்தலையா?"

அவர் வாயைத் திறந்தார். திறந்தவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்குப் பொய் வராது. அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் கேட்டேன் தம்பி. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வண்டியில ஒரு தடவையாவது பின்னாடி உட்கார்ந்து போகணும்னு ஆசை."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தூக்கி எறிந்தான்.

"சரி அண்ணி. அந்த யானையை என் கை தொடாது. பஞ்சர்னாக்கூட கம்பெனிக்காரன்கிட்டயே தள்ளிட்டுப் போங்க!"

சொன்னதைக் காப்பாற்றினான். மூன்று வருடம், ஒரே வாசலில் நின்ற வண்டியின் மீது அவன் விரல் படவில்லை. ஊரில் உள்ள வண்டிகளையெல்லாம் தொட்டுப் பார்த்தே நோய் சொல்கிறவன், அண்ணன் வண்டியை மட்டும் தொடாமல் இருந்தான்.

உண்மை வேறு. பதினைந்து வருடங்களுக்கு முன், பட்டறையில் சங்கிலியில் தொங்கிய எஞ்சினை இறக்கும்போது கொழுந்தனின் பிடி வழுக்கியது. கீழே அண்ணனின் இடது கை இருந்தது. கையெலும்பு ஒட்டிக்கொண்டது, கொழுந்தனின் மனசு ஒட்டவில்லை. எட்டு மாதம் பட்டறையைத் திறக்காமல் குடித்தான். கடைசியில் அண்ணன் அவன் முன்னால் போய் நின்று, இடது கையை இறுக மூடிக் காட்டினார். "பார்றா, முழுசா சரியாயிடுச்சு! போய்க் கடையைத் திற!" அன்று திறந்த பட்டறைதான்.

ஆனால் நாளாக ஆக அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. பழைய அடி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். பழைய வண்டியின் இடது பிடியில் இருக்கும் கிளட்சை அழுத்தவே முடியாமல் போனது.

"கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கலாமேங்க?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே கேட்பான், ஏண்ணே கியரை விட்டுட்டீங்கன்னு. கிளட்சை லேசாக்கித் தாடான்னாலும் அதே கேள்விதான். அவன் மெக்கானிக்… அவன்கிட்ட என்ன பொய் சொல்றது? மறுபடி பாட்டிலைத் தூக்கிட்டான்னா?"

கம்பெனியின் ஸ்பெஷல் வண்டியில் கிளட்ச் பூப்போல இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். போய் அழுத்திப் பார்த்தார். அவள் சேமிப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு அந்தப் பொய் அவள் தலையில் ஏறி உட்கார்ந்தது.

"உன் ஆசைக்காகத்தான் என் பிள்ளை ஞாயித்துக்கிழமைகூட அலைஞ்சான்! போட்ட காசை எடுக்கணும்னு ஓடி ஓடி… நெஞ்சு வெடிச்சுப் போயிட்டான்!" மாமியார் மாரில் அடித்துக்கொண்டார்.

கொழுந்தன் கத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "அந்தப் பணம் இருந்திருந்தா அண்ணனுக்கு ஒரு முழு செக்கப் பண்ணியிருக்கலாம் அண்ணி" என்றான், முகத்தைப் பார்க்காமல். "உங்க ஆசை… ரொம்ப விலையாயிடுச்சு."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி இறங்கிவிடும். ஆனால் இறங்கி யார் தலையில் ஏறும்? அவள் தலையைக் குனிந்துகொண்டு தைத்தாள். ஊசி நகத்தில் ஏறியபோதும் சொல்லவில்லை. ஒரு வருடம் அப்படியே போயிற்று. கேள்விக்கும் பதிலுக்கும் மட்டுமே அந்த வீட்டில் அவளோடு உறவு.

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். ஏறி உட்கார்ந்து இடது பிடியை அழுத்தியவர் முகம் சுளித்தார்.

"கிளட்ச் லிவர் என்னங்க இவ்வளவு கிட்ட இருக்கு? விரல் நுழையலையே! உங்க அண்ணனுக்குச் சின்னக் கையோ?"

"எங்கண்ணனுக்கா?" கொழுந்தன் சிரித்துவிட்டான். "ஒரு அறை விட்டா மூணு நாளைக்குக் காதுல வண்டு கத்தும் டாக்டர்! இருங்க, தள்ளி வெச்சுத் தர்றேன்."

குனிந்தான். முதல் தடவையாக அந்த வண்டியைத் தொட்டான். லிவரின் தூரத்தை மாற்றும் திருகு ஒன்றாம் எண்ணில் இருந்தது. விரலை நீட்டவே முடியாதவர்களுக்கான எண். ஒரே விரலால் லிவரை இழுத்தான். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. பிறகு இரண்டு கைப்பிடிகளையும் மாறி மாறிப் பார்த்தான். வலப்பக்க ரப்பர் தேய்ந்து வழுவழுத்திருந்தது. இடப்பக்க ரப்பரில் கம்பெனி வரிகள் புதிது போல அப்படியே இருந்தன. மூன்று வருடம் ஓடிய வண்டி. அந்தப் பக்கத்தை யாரும் இறுக்கிப் பிடித்ததே இல்லை.

"டாக்டர்… இன்னிக்கு முடியாது. போயிட்டு வாங்க."

அவள் நடையில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி… காலைல கதவைச் சாத்திட்டு என்ன பண்ணுவீங்க?"

மெஷின் நின்றது.

"சொல்லுங்க அண்ணி. சட்டையா?… பொத்தானா?"

"வேணாம் தம்பி. எழுந்து போங்க."

"நான் நசுக்கின கை… சரியாகவே இல்லையா? இத்தனை வருஷமும் என்னை ஏமாத்தினீங்களா ரெண்டு பேரும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பழைய வண்டியிலயே லேசா ஒரு கிளட்சு போட்டுக் கொடுத்திருப்பேனே! உங்க கடைக் காசு மிஞ்சியிருக்குமே!"

"தெரியும். செஞ்சிருப்பீங்க" என்றாள் அவள். "ஆனா ஏன்னு கேட்டிருப்பீங்க. கம்பெனிக்காரன் கேட்கலை. அதிகமாக் கொடுத்தது அதுக்குத்தான் தம்பி. பெயின்டுக்கு இல்லை."

அவன் தரையில் முகத்தைப் புதைத்து அழுதான். அண்ணன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. "உங்களைக் கொன்னு தின்னேனே அண்ணி… வாயைத் திறக்காம இருந்தீங்களே…"

"நீங்க மறுபடி பாட்டில் பக்கம் போகக் கூடாதுன்னுதான் அவர் அவ்வளவு பாடுபட்டாரு. போனா அவர் பட்டதெல்லாம் வீண். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"போக மாட்டேன் அண்ணி… சத்தியமா!"

மாமியார் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றவர் மெல்ல வந்து, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "என் பிள்ளைக்காக என்கிட்டயே ஏச்சு வாங்கினியேடி…" ஒரு வருடமாக உலர்ந்துகிடந்த அவள் கண்கள் அப்போதுதான் நனைந்தன.

வண்டியை விற்கவில்லை. அடுத்த மாதம் கொழுந்தன் பட்டறையின் முன் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, அவள் மெஷினைத் தூக்கிவந்து வைத்தான். இப்போது ஒரு பக்கம் சுத்தியல் சத்தம், ஒரு பக்கம் தையல் சத்தம். பழகிவிட்டது.

பட்டறைக்கு வருகிறவர்களில் மாதம் ஒருவராவது அந்தச் செம்பு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பெனி ஸ்பெஷலுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கொழுந்தனிடம் யோசனை கேட்பார். அவன் இன்றும் அதையேதான் சொல்கிறான்.

"கொடுக்காதீங்க சார். மூணுல ஒரு பங்கு செலவுல நானே பண்ணித் தர்றேன்."