ஜன்னலில் போன ரயில்

காலை பத்தரை மணி. ஓடுபாதையின் நடுவே அந்த ஒற்றை எஞ்சின் டர்போப்ராப் விமானம் மூக்குக் குப்புறக் கிடந்தது. முன்சக்கரம் முறிந்திருந்தது. உந்துவிசிறியின் இறக்கைகள் காய்ந்த இலைபோலச் சுருண்டிருந்தன. விமானத்திலிருந்து தெற்கு முனைவரை தார்மேல் நீண்ட கீறல். வடக்கு நோக்கித்தான் இறங்கியிருக்கிறது.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்குத் துறையில் 'கொக்கு' என்று பெயர். நீண்ட கழுத்து ஒரு காரணம். அசையாமல் காத்திருப்பது இன்னொரு காரணம். அந்த அம்மாளுக்கே இது தெரியும், கோபமில்லை.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு மேடம்?" என்றார் பயிற்சிப் பள்ளி முதலாளி. "அந்தப் பொண்ணு போட்டு உடைச்சுட்டா. சாயங்காலம் அவளை நீக்குற லெட்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். இனி எந்தப் பள்ளிக்கூடமும் அவளைச் சேர்த்துக்காது."

விமானத்தில் இருந்தது இரண்டே பேர். இடது இருக்கையில் மாணவி. வலது இருக்கையில் பயிற்றுநர். முதலாளியின் தங்கை கணவர். இரு பக்கமும் ஓட்டும் கருவிகள் உண்டு. மாணவிதான் ஓட்டினாள் என்றார் அவர். கடைசிச் சுற்றை அவர்தான் ஓட்டினார் என்றாள் அவள். பறந்த தடத்தைப் பதிந்து வைக்கும் கருவி அந்தப் பழைய விமானத்தில் இல்லை.

கொக்கு அலுவலக மாடியில் ஏறி நின்றார். மேற்கே ஏரி. கிழக்கே நெருக்கமான வீடுகள், அவற்றுக்கு அப்பால் ரயில் பாதை. வீடுகளுக்கு மேல் இரையக் கூடாது என்பதால் இங்கே ஏரிப்பக்கச் சுற்றுதான் விதி: வடக்கே ஏறி, இடப்புறம் திரும்பி, ஏரிமேல் ஓடுபாதைக்கு இணையாகத் தெற்கே போய், மறுபடி இரண்டு இடத் திருப்பம், இறக்கம்.

இறங்கி வந்து பயிற்றுநரைத் தனியே உட்கார வைத்தார்.

"எந்தச் சுற்று?"

"வழக்கம்போல ஏரிப்பக்கம்தான் மேடம்."

"நீங்க?"

"கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தரை வர்றதுக்கு முன்னாடியே பவரை மொத்தமா இழுத்துட்டா. டர்போப்ராப்ல அப்படி இழுத்தா விசிறியே சுவர் மாதிரி காத்தைத் தடுக்கும். கல்லு மாதிரி விழுந்தோம்."

"பெட்ரோல் எஞ்சின்ல இழுத்தா?"

"அது மிதந்து வரும். இருபது வருஷம் ஓட்டியிருக்கேனே!"

"இதுல எத்தனை வருஷம்?"

"இந்த வருஷம்தான்."

"கையைக் கட்டிக்கிட்டு, ஓடுபாதையைக்கூடப் பார்க்கலையா?"

"பார்க்காம? தெற்கே போறப்பவே கண்ணு அதுலதான். புல் வெட்டுற டிராக்டர் குறுக்கே போச்சு. ஷெட்டுக்குள்ள நுழையற வரைக்கும் விடாம பார்த்தேன். என் பொறுப்பு எனக்குத் தெரியும்."

அடுத்து மாணவி. நெற்றியில் கட்டு, அழுது ஓய்ந்த முகம்.

"'கொடும்மா, நான் காட்டுறேன்'னு வாங்கிட்டார் மேடம். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

அவள் தலை குனிந்தாள். "ஜன்னல்ல ரயில் போச்சு. தெற்கே போற நேரம் பூரா அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வாசலில் நின்ற முதலாளி பாய்ந்தார். "கேட்டுக்குங்க! ஓட்டச் சொன்னா ரயிலை வேடிக்கை பார்த்திருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

கொக்கு ஷெட்டுக்கு நடந்தார். டிராக்டர்காரர் சக்கரத்தில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப வண்டியை எடுத்தீங்க அண்ணே?"

"கடைசித் தடவை அவங்க மேல ஏறின பிறகுதாம்மா. குறுக்கே ஒரு ஓட்டம். சத்தம் கேட்டதும் உள்ளே வந்துட்டேன். அவங்க இறங்கத் திரும்பறப்ப நான் ஷெட்டுல. உயிர்மேல ஆசை இருக்கே!"

சாயங்காலம். கடிதம் மேஜைமேல், முதலாளி கையில் திறந்த பேனா. மாணவியும் பயிற்றுநரும் எதிரே நின்றார்கள். கொக்கு மேஜை விளிம்பை ஓடுபாதையாக்கி, தன் கண்ணாடிக் கூட்டை விமானமாக்கினார்.

"இதோ, ஏரிமேல தெற்கே போறோம். ஓடுபாதை எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்," என்றார் முதலாளி.

"அப்ப வலது ஜன்னல்ல?"

"வெறும் ஏரி."

"அந்த ஜன்னல்லதான் உங்க மாப்பிள்ளை டிராக்டரை விடாம பார்த்திருக்கார். இடது ஜன்னல்ல இவ ரயிலைப் பார்த்திருக்கா. ஏரிக்குள்ள எப்படிங்க டிராக்டர் ஓடும்? ஓடுபாதை இருக்க வேண்டிய பக்கம் எப்படி ரயில் ஓடும்?"

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். கொக்கு கூட்டை எடுத்து மேஜையின் மறுபக்கம் வைத்தார்.

"வீடுகளுக்கு மேல, வலப்பக்கச் சுற்றா வந்தா ரெண்டும் சரியா வருது. ரெண்டு பேரும் பார்த்ததை உண்மையாத்தான் சொல்லியிருக்காங்க. சுற்றை மட்டும் ஒருத்தர் மாத்திச் சொன்னார். வலப்பக்கம் சுத்தினா இடது இருக்கைக்கு ஓடுபாதை சரியாத் தெரியாது. கத்துக்கிற பொண்ணு விதியை மீறி அப்படிச் சுத்தினா, பக்கத்துல இருக்கிற வாத்தியார் கையைக் கட்டிக்கிட்டா இருப்பார்? வலது இருக்கையில உட்கார்ந்து தானே ஓட்டுறவருக்குத்தான் அந்தச் சுற்று சௌகரியம்."

பயிற்றுநர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "பெட்ரோல் எஞ்சின் பழகின கை மேடம். தன்னால இழுத்துடுச்சு."

"மாப்பிள்ளை!" முதலாளி கடிதத்தை மெதுவாக நான்காக மடித்தார். ஆனாலும் வீம்பு விடவில்லை. "இருந்தாலும் மேடம், விமானத்துல ஏறிட்டு ரயிலை வேடிக்கை பார்க்கறது தப்புதானே?"

கொக்கு கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

"ஓட்டுறவங்க பார்த்தா தப்பு. அந்தச் சுற்றுல இந்தப் பொண்ணு பயணிங்க. பயணி ஜன்னல்ல பார்க்கலாம்."