மீசை வைத்த கொசு

மணிக்கட்டு அரித்தது. சொறிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இந்த அறையில் எதுவும் கடிக்கவே கூடாது.

சுற்றிலும் வலைப்பெட்டிகளில் இருபதாயிரம் ஆண் கொசுக்கள், எல்லாம் கதிர் பாய்ச்சி மலடாக்கியவை, வெளியே விட்டால் பெண் கொசுவோடு கூடும், முட்டை பொரியாது, காய்ச்சலைப் பரப்பும் இனம் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்; கடிப்பது பெண்தான், ஆணுக்குத் தோலைத் துளைக்கும் வாயே கிடையாது. வீடு வீடாகப் போய் அதைச் சொன்னவளே அவள்தான். "மீசை வச்சிருந்தா ஆணு. கடிக்காதுங்க, கையை நீட்டிப் பாருங்க." ஜனங்கள் நம்பவேண்டுமே என்று தன் ஆறு வயது மகளையே கை நீட்டி நிற்க வைத்தாள். அசையாமல் நிற்கவும் பழக்கியிருந்தாள்.

மணிக்கட்டில் இன்னும் ஒன்று உட்கார்ந்திருந்தது. பட்டென்று அடித்தாள். பாழாய்ப்போன பெண் ஒன்று தப்பி வந்திருக்கும் என்று லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள்.

அடர்ந்த மீசை. வயிறு முட்ட ரத்தம்.

இன்டர்காமை அமுக்கினாள். வெளியே இருந்த மேற்பார்வையாளருக்குப் பூட்டு சார் என்று பட்டப்பெயர்.

"சார், ஆணு கடிக்குது சார்!"

"காலையில சாப்பிட்டியாம்மா?" என்று சிரித்தார்.

"விளையாடாதீங்க சார். கொசு விடுற வண்டியை நிறுத்துங்க."

"அது அப்பவே கிளம்பிடுச்சே. முதல்ல உங்க குவார்ட்டர்ஸ்தான்."

"கதவையாவது திறங்க!"

"உள்ள பெட்டிய விட்டு ஒண்ணு பறந்தாலும் பத்து நிமிஷம் பூட்டுதான். ரூல் நீயே சொல்லித் தர்றவ."

ரீங்காரம் நின்றுபோயிருந்தது. திரும்பினாள். எல்லாப் பெட்டிகளிலும் கொசுக்கள் அவள் நின்ற பக்கமே வலையில் அப்பியிருந்தன. ஓரடி நகர்ந்தாள். அவையும் நகர்ந்தன.

ஜன்னலுக்கு ஓடினாள். திறக்க முடியாத கண்ணாடி. எதிரே குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டி நின்றது. டிரைவர் மூடிகளைத் திறந்துகொண்டிருந்தார்.

மகள் ஓடி வந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"வேண்டாம் கண்ணு! உள்ள போடி!"

கண்ணாடியை அறைந்தாள். சத்தம் வெளியே போகவில்லை. மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கை தட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

மகளின் விரல்கள் கொசு மொய்த்துக் கறுத்தன. மணிக்கட்டு. முழங்கை.

சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. கண்ணீர் வழிந்தது.

அம்மா பழக்கியபடியே, அவள் அசையாமல் நின்றாள்.