ஓட்டுநர் மட்டும்

அராஸ் ஆற்றங்கரைக்கு யாஷாரின் பழைய பெஜோ கார் வந்து சேர்ந்தபோது சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்கால வெயில் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். இரண்டு பக்கமும் செம்பாறை மலை, நடுவில் ஆறு. பெரிய ஆறுகூட இல்லை. பனிக்காலத்தில் மூச்சுக்கூட விடாமல் போகும். இந்தக் கரை ஈரான், அந்தக் கரை ஆர்மீனியா. கல்லை விட்டெறிந்தால் அடுத்த நாட்டில் போய் விழும்.

வண்டி நிறையச் சாமான். கூரையில் சுருட்டிக் கட்டிய கம்பளம், டிக்கியில் சமோவாரும் பாத்திரங்களும், பின் சீட்டில் மெத்தை மூட்டை. குடும்பமே ஊரை விட்டுக் கிளம்பியிருந்தது. குடும்பம் என்றால் இப்போது யாஷாரும் அவன் மனைவி சொல்மாஸும்தான்.

அவர்கள் மகன் ஒக்தாய், ஆறு வயதுப் பிள்ளை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆற்றில் போனவன். கரையோர ஜுல்ஃபா ஊர்ப் பக்கம் சுற்றுலா வந்த இடத்தில், உருண்டு போன பந்தை எடுக்க இறங்கினான். உடல் கிடைக்கவில்லை. சிப்பாய்கள் பாதி ஆறு வரைதான் தேடினார்கள். மீதிப் பாதி அடுத்தவன் நாடு, என்னத்தைச் சொல்வது?

கல்லறை இல்லாத பிள்ளை. வியாழக்கிழமைகளில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது சொல்மாஸ் ஆற்றுக்குப் போவாள். பேரீச்சம்பழமும் பன்னீரும் தண்ணீரில் விட்டுவிட்டு இருட்டும் வரை உட்கார்ந்திருப்பாள். அவர்கள் ஊரான மரந்திலிருந்து அவளைக் கொண்டு வந்து விடுவது யாஷாரின் வேலை. பனியானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. அலுத்துப் போய்விட்டான் மனிதன். துக்கப்படக்கூட அவனுக்குத் தெம்பு மிச்சமில்லை. மனைவி ஒரு வாய் ருசித்துச் சாப்பிட்டுப் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. இந்த ஆற்றுக்கு முதுகைக் காட்டினால்தான் அவள் பிழைப்பாள் என்று அவனுக்குப் பட்டது. அதற்காகத்தான் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் அவள் அண்ணன் நடத்தும் கபாப் கடையில் வேலைக்கு ஒப்புக்கொண்டான்.

"இறங்கு சொல்மாஸ். இங்கேருந்து நீ நடந்துதான் வரணும்."

அந்த எல்லையில் சட்டம் அப்படி. வண்டியோடு பாலம் ஏற ஓட்டுநருக்கு மட்டும்தான் அனுமதி. கூட வந்தவர் யாராயிருந்தாலும் இறங்கி, பயணிகள் கூடத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு, பாலத்தை நடந்து கடக்க வேண்டும்.

சொல்மாஸ் அசையவில்லை. "அவனை விட்டுட்டுப் போறோம்" என்றாள்.

"அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"கிடைக்கவே இல்லையே. கிடைக்காத பிள்ளையைப் போயிட்டான்னு எப்படிச் சொல்றே? உனக்கு வாய் கூசலையா?"

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு பாலத்தைத் தாண்டிடுவோம். அப்புறம் நீ என்ன சொன்னாலும் தலையாட்டறேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்தினதுகூட அவனுக்குக் கேட்கவில்லை, அத்தனை மெதுவாகச் சாத்தினாள்.

சோதனையெல்லாம் முடிந்து பாலத்து முனைக்கு வண்டியைக் கொண்டு வந்தான். தடுப்புக் கம்பத்தில் நின்ற சிப்பாய் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினான். குனிந்து பின் சீட்டைப் பார்த்தான்.

"பையனையும் இறக்கி விடுங்கண்ணே. ஓட்டுறவர் மட்டும்தான் போகணும்."

யாஷார் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்தப் பையன்?"

"அதான், தூங்கறானே…" சிப்பாய் இன்னொரு தரம் குனிந்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "மூட்டையா? மன்னிச்சுக்குங்க. விடியறதுக்கு முன்னாடி வந்து நின்னது. கண்ணு ரெண்டும் கெஞ்சுது."

"எனக்கும்தான் தம்பி" என்றான் யாஷார்.

கம்பம் மேலே போனது.

பாலத்தில் வேறு வண்டியே இல்லை. ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும்பி இரண்டு பக்கக் கம்பிகளையும் மூடியிருந்தது. விளக்கைப் போட்டான். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்றுவிட்டது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. டடக். டடக்.

பிறகு ஒரு வாசனை வந்தது. சேற்று வாசனை. நனைந்து காயாத கம்பளிச் சட்டையின் வாசனை.

ஜன்னலை இறக்கிப் பார்த்தான். வாசனை வெளியே இல்லை.

பின் சீட்டில் மூட்டை மெல்லச் சரிந்தது.

"அப்பா."

யாஷாரின் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பா, அம்மா எங்கே?"

அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அவனுக்குத் தெரியும். பல் விழுந்த இடத்தில் கொஞ்சம் காற்றுப் போகும் குரல். கேட்டதும் உடம்பெல்லாம் சில்லிட்டது. கூடவே திரும்பி அவனைத் தூக்கிக்கொள்ளவும் தோன்றியது. பயமா, பாசமா என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

"நடந்து வராங்கடா" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நாம எங்கே போறோம்?"

"மாமா வீட்டுக்கு."

"வியாழக்கிழமை திரும்பி வந்துடுவோமா?"

யாஷார் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான். அடுத்த கணமே யெரெவான் வீடு கண் முன்னால் வந்தது. அங்கேயும் ஈரத் தரை, அங்கேயும் இதே சேற்று வாசனை. அங்கேயும் சாப்பாட்டைத் தொடாமல் சொல்மாஸ். இன்னும் எத்தனை வருஷம்?

கதவைத் திறந்து இறங்கினான். சுற்றி வந்து பின் கதவைத் திறந்தான். உள்ளே பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இறங்குடா கண்ணா."

கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தான்.

"அப்பாவால முடியலடா. சத்தியமா முடியல. அம்மாவை விட்டுடு. நீ… நீ உன் இடத்துக்குப் போ. நல்ல பிள்ளை இல்லையா? இறங்கு."

பிறகு வண்டி லேசாக மேலே எழும்பியது. பாரம் இறங்கினால் எழும்புமே, அந்த அளவுதான்.

ஏதோ ஒரு குளிர்ச்சி அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது.

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடி வந்து வண்டியை எடுத்தான். திரும்பியே பார்க்கவில்லை. பாலம் முடியும் வரை தேம்பித் தேம்பி அழுதான். அழுது முடிந்தபோது உடம்பு காற்றாக லேசாகியிருந்தது. வாசனையும் போயிருந்தது. பெற்ற பிள்ளையை நட்டாற்றில் இறக்கிவிட்டு வந்தவனுக்கு நிம்மதி என்று ஒன்று வரலாமா? வந்தது. அதற்காக அவன் வெட்கப்பட்டான், ஆனாலும் வந்தது.

ஆர்மீனியக் கரையில் தடித்த அதிகாரி ஒருவர் காத்திருந்தார். உடைந்த பாரசீகத்தில் பேசினார்.

"பாலத்துல நிக்கக் கூடாது. ஏன் நின்னே?"

"மூட்டை சரிஞ்சுது. தூக்கி வச்சேன் சார்."

அதிகாரி பின் சீட்டைத் தடவிப் பார்த்தார், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "தண்ணி கொட்டியிருக்கு. துணி போடு, மனைவி உக்காரணும்" என்று மட்டும் சொல்லி முத்திரை குத்தினார்.

நடந்து வருபவர்கள் பனிமூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பெட்டி இழுத்துக்கொண்டு இரண்டு மாணவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. கரை சேர்ந்ததும் தலைத்துணியை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள். சொல்மாஸைக் காணோம்.

யாஷார் தேநீர் வாங்கினான். ஆறிப் போனது. கம்பத்தடியிலேயே நின்று பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது. எப்போதும் விறுவிறுவென்று நடப்பவள் குட்டிக் குட்டி அடியாக வைத்து வந்தாள். நடுவில் நின்றாள், காத்திருந்தாள், மறுபடி நடந்தாள். வலது கையைக் கொஞ்சம் தள்ளி, கீழே, எதையோ பற்றிக்கொண்டதுபோல் வைத்திருந்தாள். அந்தச் சட்டைக் கை முழங்கை வரை நனைந்து சொட்டியது.

அவள் முகத்தைப் பார்த்ததும் யாஷாருக்கு உயிரே போய்விட்டது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிட்டே வந்ததும் அவள் கோபப்படவில்லை. பொறுமையாக, ஒரு சின்னக் குறையைச் சொல்வதுபோல் கேட்டாள்.

"பாலத்து நடுவுல நின்னு அழுதுட்டிருந்தான் யாஷார். நீ இறங்கச் சொன்னியாமே?"

யாஷார் ஓரடி பின்வாங்கினான்.

"குழந்தை தனியா எங்கே போவான்? உனக்கு முடியலைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம், இல்லையா? நான் பாத்துக்க மாட்டேனா?" அவள் நனைந்த கையின் பிடியை விடாமல் இடது கையால் வண்டியைக் காட்டினாள். "கதவைத் திற. குளிர்ல நடுங்கறான்."

யாஷார் திரும்பிப் பாலத்தைப் பார்த்தான். அந்தப் பக்கத்து விளக்குகள் எதுவும் தெரியவில்லை. போய்க் கதவைத் திறந்தான்.

வண்டி லேசாக அமிழ்ந்தது. சொல்மாஸும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்து ஒரு போர்வையை எடுத்து விரித்தாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள். "வழியில நல்ல கடையா பாத்து நிறுத்து. மூணு பேருக்கும் சூப்பு சொல்லலாம்."

எதைக் கேட்க அவன் இத்தனை நாள் ஏங்கினானோ அதைத்தான் அவள் சொன்னாள். யாஷார் சாவியைத் திருப்பினான். இரண்டாவது தரம்தான் வண்டி கிளம்பியது.

வெளியேறும் கம்பத்தில் அதே அதிகாரி நின்றிருந்தார். யாஷாரைப் பார்க்காமல் பின் ஜன்னல் பக்கம் குனிந்தார், சொல்மாஸ் உட்கார்ந்திருந்த பக்கம் அல்ல, மற்றப் பக்கம். கையை ஆட்டிக் காட்டினார். பதிலுக்குக் காத்திருந்தார்.

பிறகு, பதில் வந்ததுபோல் வாய்விட்டுச் சிரித்து, கம்பத்தைத் தூக்கிவிட்டார்.