கறை போன கை

முகம் கழுவக் குனிந்த பெரியவர், தண்ணீர் ஏந்திய தன் வலது கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். விரல்கள் வெளுத்திருந்தன.

மரக் கம்பங்களைத் தார் எண்ணெயில் ஊறவைத்து விற்கும் குடும்பம் அது. தாத்தா தொடங்கிய பட்டறை. அங்கே ஊறிய கம்பத்தைக் கரையான் தொடாது, மழை தொடாது. அந்த எண்ணெயின் கறுப்பு அவர் நகக்கண் வரை இறங்கி, மண்ணெண்ணெய்க்கும் எலுமிச்சைக்கும் பணியாமல், பெண் கொடுக்க வந்தவர்கள்கூடக் கையைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும்படி ஆயுள் முழுக்க அவரோடு இருந்தது. நேற்றுப் படுக்கும்போதும் இருந்தது. இப்போது பிறந்த குழந்தையின் விரல்போல இளஞ்சிவப்பாக, ரேகைகூட மங்கி, யாருடைய கையோ அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தார். தார் வாசனை இல்லை. மழை விட்ட மண்ணின் வாசனை.

காரணம் அவருக்குத் தெரியும். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

மூன்று தலைமுறையாகச் சிந்திய எண்ணெய் தெருக் கிணறுகள் வரை இறங்கிவிட்டது என்று ஆய்வதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மண் சுத்தமாகாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. வாசலில் தாத்தாவின் பெயர் இருக்கும் இடத்தில் 'நச்சு நிலம்' என்று பலகை. அதைக் கேட்ட நாள் பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. கைகொடுத்தவள் மருமகள்தான். நுண்ணுயிரியல் படித்தவள், பட்டறை மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துப் பெருக்கினாள்.

"இது வெளியிலேருந்து வந்ததில்ல மாமா. இங்கயே கிடந்தது. வேற சாப்பாடு இல்லாம தாரையே திங்கப் பழகிடுச்சு."

"எல்லாத்தையும் திங்குமா?"

"லேசானதை முதல்ல தின்னுடும். சிலது வளையம் வளையமாப் பின்னிக்கிட்டு உடையவே உடையாது. அதுதான் ரொம்பப் பிடிவாதம்."

"நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லு."

"நான் சொல்லல, நீங்களே சொல்லிட்டீங்க," என்று சிரித்தாள்.

தோண்டிய கறுப்பு மண்ணை மகனும் ஆட்களும் கொட்டகைக்குப் பின்னால் குன்றாகக் குவித்தார்கள். உரமும் கரும்புப் பாகும் கலந்து, உள்ளே துளைக் குழாய்களைச் செருகி, இயந்திரத்தால் காற்றை ஊதி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தினார்கள். "அதுக்கும் மூச்சு வேணுமில்ல," என்றாள் மருமகள். வேலை நடந்தால் குவியல் சூடாகும் என்றும் சொல்லி, கையுறையை நீட்டினாள். பெரியவர் வாங்கவில்லை. கம்பத்தை இறக்குமுன் வீட்டுக்கு மூத்தவன் வெறுங்கையை எண்ணெயில் விட்டுப் பதம் பார்ப்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

"என் மண்ணைத் தொட எனக்கு உறையா?"

முழங்கை வரை உள்ளே விட்டார். மாட்டின் வயிறுபோலக் கதகதப்பு. இழுத்தபோது மண் ஒரு கணம் விடாமல் பிடித்தது. மறுநாளும் விட்டார். அதற்கு மறுநாளும்.

இன்று மாலை ஆய்வதிகாரி கடைசிச் சோதனைக்கு வருகிறார்.

மதியச் சாப்பாட்டின்போது கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது. எழும்பவில்லை. வலியும் இல்லை. அலமாரியில் கிடந்த கையுறையை யாரும் பார்க்காமல் எடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே ஏதோ நொறுநொறுவென்று இடம் மாறிற்று, சர்க்கரைப் பையை அமுக்கினாற்போல.

மருமகள் முகம் சுளித்தபடி வந்தாள்.

"மாமா, குவியல்ல தார் தீர்ந்துடுச்சு. சாப்பாடு தீர்ந்தா இதுங்க பட்டினில சாகணும். சாகல. பெருகிக்கிட்டே இருக்கு. வேற எங்கயோ கிடைக்குது. எங்கயாவது தார் ஊறின இடம் விட்டுப்போச்சா? ஒளிச்சு வச்சது ஏதாவது..."

"என் வீட்டுல ஒளிச்சு வச்சது எதுவும் கிடையாது."

குரல் கறாராகத்தான் வந்தது. கை மட்டும் முதுகுக்குப் பின்னால்.

"அது என்ன, கிளவுஸா? நீங்களா?"

"ஏன், நீ மட்டும்தான் போடணுமா? போ, வரப்போறவங்களுக்கு நாற்காலி போடச் சொல்லு."

போய்விட்டாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் சோதனை நிற்கும். விஷம் வைத்த குடும்பம் மருந்தென்று சொல்லி இன்னொரு விஷத்தை வளர்த்தது என்று தெரு பேசும். தாத்தாவின் பெயர்ப் பலகை இறங்கும். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன்பிறகு மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டு, நிமிர்ந்து நடந்தார். இருமல் வந்தது. ஆயுள் முழுக்கத் தார் எண்ணெய்ப் புகையை இழுத்த நெஞ்சு. ஆனால் இருமலில் தார் நெடி இல்லை.

மழை வாசனை.

மாலை மேகம் இறங்கி முற்றம் மங்கியது. மின்சாரம் போனது. காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சல் அறுந்து விழுந்தது. அந்த அமைதியில், கொட்டகைக்குப் பின்னால், பிளாஸ்டிக் தாள் மெல்ல உப்பி அடங்கும் ஓசை. மறுபடி உப்பி அடங்கும் ஓசை.

இயந்திரம் நின்றிருந்தது.

அதே ஓசை அவர் சட்டைக் கைக்குள்ளும் கேட்டது. அதே தாளத்தில். நெஞ்சுக்குள்ளும்.

ஆய்வதிகாரி குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கருவியில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்யா. இதுல தோட்டமே போடலாம். உங்க பேரைக் காப்பாத்திட்டீங்க."

கையை நீட்டினார்.

பெரியவர் தன் கையைத் தூக்கினார். எழுந்தது தோள் மட்டும்தான். கையுறை தொங்கியது. காலிப் பை மாதிரி. மணிக்கட்டு விளிம்பிலிருந்து ஏதோ கொட்டியது. பொலபொலவென்று. கறுப்பு இல்லை. நல்ல செம்பழுப்பு. ஈரம். சூடு.

"கிளவுஸுக்குள்ள மண்ணு போயிடுச்சு போல," என்று சிரித்தார் அதிகாரி.

வலிக்கவில்லை. கொஞ்சமும்.

"அப்பா!"

மகன். கொட்டகைப் பக்கமிருந்து ஓடிவந்தான். நாளை பட்டறைக்கு மூத்தவனாக நிற்க வேண்டியவன். முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் உங்களை மாதிரி வெறுங்கையாலதான்பா பதம் பாத்தேன். இங்க பாருங்க!"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். இளஞ்சிவப்பு. ரேகை இல்லை. அந்தக் கையாலேயே பக்கத்தில் நின்ற மனைவியின் தோளை அணைத்துக்கொண்டான்.

தொடாதே என்று கத்த வேண்டும். எல்லார் முன்னாலும். இப்போதே.

பெரியவர் வாயைத் திறந்தார்.

உதட்டோரம் மண் உதிர்ந்தது.