நாலு அறைக்கு ஒரு பக்கம்

"ஐயோ... பிளக்கைப் புடுங்கினது யாரு?"

ஃபிஜித் தலைநகர் சுவாவின் நூலகத்தில் அப்படி யாரும் கத்துவதில்லை. ஜன்னலுக்கு வெளியே மழைகூட அன்று அடக்கித்தான் பெய்துகொண்டிருந்தது. ஆனால் மெரெசெய்னியின் லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல மாதம். திரை கண்ணெதிரே கறுத்துப் போனது. அரை நாள் வேலை... போச்சு.

மேஜைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு தலை வந்தது. அப்புறம் ஈரம் சொட்டும் சட்டை. கடைசியாக, அவளுடைய ஒயரைப் பிடித்திருந்த கை.

"மன்னிச்சிருங்க... காத்தாடி ஒயருன்னு நெனச்சேன். போனுக்கு சார்ஜ் போட..."

"நல்லாப் போட்டீங்க!"

திட்டுவதற்கு அவளிடம் இன்னும் நாலு வார்த்தை இருந்தது. அவன் கண்களைப் பார்த்தாள். பயமும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்ற கண்கள்... நாலில் இரண்டு மறந்துவிட்டது.

அவன் பெயர் இனோக்கே. துறைமுகத்தில் கப்பல் ரேடியோ பழுதுபார்க்கிறவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்கு வந்து, தானாகவே இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டவன். அவனுடைய ரக்பி குழுவுக்கு அவன்தான் பக்கம் போட்டுக் கொடுத்திருந்தான்.

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"எங்க விடுதிக்கு ஒரு பக்கம். கண்டாவு தீவுல, கடற்கரையில. அம்மாவும் அண்ணனும் நடத்துறாங்க. நாலே அறை."

நியூசிலாந்திலிருந்து முக்குளிப்புக்காரர்களை அழைத்து வரும் ஒரு பெண்மணி கேட்டிருந்தாள்: அறைகளைப் பார்க்க ஒரு பக்கம் வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள். இருந்தால் இந்த சீசன் முழுக்க அவர்கள் கண்டாவுக்கு. இல்லையென்றால் வேறு தீவுக்கு. போன வருஷப் புயலுக்குப் பிறகு அந்த நாலு அறையும் பாதி நாள் பூட்டியே கிடந்தன. "நீதான் ஓட்டல்ல கம்ப்யூட்டர் பாத்தவ" என்று அண்ணன் அவளைச் சுவாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டான்.

"எதுல செய்றீங்க?"

"எதுல செய்யலன்னு கேளுங்க! மூணு வாரத்துல பதினோரு இலவசக் கருவி. ஒண்ணு பதினாலாம் நாள் கார்டு நம்பர் கேட்டுது. ஒண்ணு எங்க வீட்டுப் படத்துல கூரை மேலயே அதோட விளம்பரத்தை ஒட்டுது. இன்னொண்ணுல பட்டனே பாதி வேலை செய்யல..."

அவன் சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

"சிரிக்கல, சிரிக்கல... நானும் அப்படித்தான் அலைஞ்சேன். நாலு போதுங்க. எழுத ஒரு எடிட்டர், காசில்லாதது. எழுதினதைப் பாக்க பிரவுசர், அது உங்ககிட்டயே இருக்கு. படிக்க ஒரே ஒரு பாடத் தளம். ஏத்தி வைக்க ஒரு இலவச இடம்... கார்டு கேக்காதது, விளம்பரம் ஒட்டாதது."

"அதைவிட நல்லது இருந்தா?"

"இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணுல உக்காந்தாத்தான் கை பழகும், கண்டாவுக்காரி."

கண்டாவுக்காரியாமே! மூஞ்சியைப் பாரு...

ஆனால் மறுநாள் மதியம் மேஜையின் எதிர் நாற்காலியில் தன் பையை வைத்து அவள் இடம் பிடித்திருந்தாள். யாருக்கென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு நாட்கள். அவன் ரொட்டிப் பொட்டலம் வாங்கி வருவான். நூலகர் பார்க்காதபோது பாதி அவளுக்கு. அவள் ஒரு வரி எழுதுவாள், பக்கத்தைத் திறப்பாள், தலைப்பு கோணலாக நிற்கும். "அடைப்புக்குறிய மூடலையே" என்பான், தொடாமல். அவள் மூடுவாள். தலைப்பு நிமிரும். அவள் முகமும் கூடவே நிமிரும். அப்போது அவன் திரையைப் பார்ப்பதில்லை என்பதை மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள்... அன்றிலிருந்து மதியம் பன்னிரண்டானால் கண் வாசலுக்குப் போனது. மழைச் சத்தத்தில்கூடக் காலடி தேடியது காது.

வியாழக்கிழமை பக்கத்தைத் திறந்தவள் உறைந்துபோனாள்.

அது அவளுடைய பக்கமே இல்லை. தங்க நிற எழுத்துகள். தானாக நகரும் படங்கள். அவள் வைத்திருந்த அம்மாவின் சமையலறைப் படம் காணோம். அந்த இடத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு சூரிய அஸ்தமனம். ஏற்றுவதற்கு உதவட்டும் என்று கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தது அவள்தானே.

"எப்படி இருக்கு?" இனோக்கே கண்கள் மின்ன வந்தான். "காலையில வேலைக்கு லீவு போட்டுட்டுச் செஞ்சேன்."

"யாரைக் கேட்டு?"

"அழகா இருக்கட்டுமேன்னு..."

"அப்ப நான் செஞ்சது அசிங்கமா? எங்க வீட்டுல ஒரு நாள் தூங்கியிருக்கியா நீ? அந்தச் சமையலறையப் பாத்துதான் ஆளுங்க வருவாங்க. ஆறு நாளா எனக்குச் சொல்லிக்குடுத்தது இதுக்குத்தானா... பொம்மை மாதிரி உக்கார வெச்சிட்டு நீயே செய்யவா?"

அவன் முகம் வெளுத்தது. பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

போகட்டும்!

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து எழுதினாள். எழுத்தில் பிழை வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், குடிநீர்க் குழாயடிக்கு நாலு தடவை போனாள். வெள்ளிக்கிழமை எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. ஒரு படம் ஏறவே மாட்டேன் என்றது. காரணத்தை ஒரு மணி நேரம் தேடி அவளே பிடித்தாள். மதியம் இரண்டுக்குப் பக்கம் நின்றது. எளிமையாக, கொஞ்சம் கோணலாக, அம்மாவின் கறுத்த பானைகளோடு. அனுப்பினாள். மூன்றரைக்கு நியூசிலாந்துப் பெண்மணியின் பதில்: 'அந்தச் சமையலறையில் எங்களுக்கும் மீன் கிடைக்குமா? பன்னிரண்டு பேர் வருகிறோம்.'

அண்ணனிடம் போனில் கத்திச் சொன்னாள். அவனும் கத்தினான். வைத்ததும் நெஞ்சு வெறிச்சென்றது. இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல இன்னொருவன் இருக்கிறானே...

குடையில்லாமல் துறைமுகம் வரை நடந்தாள். பட்டறை வாசலில், பிரித்துப் போட்ட ரேடியோவின் முன் அவன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"பக்கம்... என்னாச்சு?"

"முடிச்சிட்டேன். பன்னிரண்டு பேரு வர்றாங்க."

"தெரியும், உன்னால முடியும்னு." தலை குனிந்தான். "நான் செஞ்சது தப்பு, மெரே. அது உன் வீடு. வெள்ளிக்கிழமையோட நீ ஊருக்குப் போயிருவ... அதுக்குள்ள ஏதாவது பெருசா செஞ்சு காட்டணும்னு புத்தி கெட்டுப்போச்சு. வாயால சொல்லத் தைரியமில்ல."

"எதை?"

அவன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை தகரக் கூரையை உலுக்கியது.

அவள்தான் ஓர் அடி முன்னால் வந்தாள். இமை மயிரிலிருந்து நீர் சொட்டியது.

"இனோக்கே, இனிமே உங்கிட்டக் கேக்கறதுக்கு எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் நனைஞ்சுகிட்டு இங்கதான் வந்திருக்கேன்... ஏன்னு புரியுதா?"

அவன் நிமிர்ந்தான். "புரியுது... ஆனா நீ சொல்லு. ஒரு தடவை."

"உன்னைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

"எனக்கு உன்னை முதல் நாள்ல இருந்து..." என்றான். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய நனைந்த கையை, உடைந்துவிடுமோ என்பதுபோல் பிடித்துக்கொண்டான்.